எருக்கஞ்செடிக்கு நான் மாப்பிள்ளைத் தோழன்

போன வெள்ளிக்கிழமை காலையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை என் நண்பன் தவமணி. மாப்பிள்ளைத் தோழன் நான். மணப்பெண்... ஒத்தக்கடையைத் தாண்டி ஒரு கண்மாய்க்கரை ஓரமாக நின்றுகொண்டிருந்த எருக்கஞ்செடி.

சிரிக்காதீர்கள். நான் சிரித்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தவமணியைத் தெரியும். அவனை வைத்து எத்தனையோ வாரம் பிழைப்பு நடத்தியிருக்கிறேன். புதிதாக வருபவர்களுக்காகச் சொல்கிறேன்: நானும் அவனும் ஒரே மருந்துக் கம்பெனியில் ரெப்பாக இருந்தவர்கள். ஒரே பைக்கில் தெற்குச் சீமை முழுக்கச் சுற்றியவர்கள். அவனுக்கு வில்லாபுரத்தில் சொந்த வீடு, பெங்களூரில் ஒரு மகள். வயது அறுபதை எட்டிப் பார்க்கிறது. இரண்டு மனைவிகளைப் பறிகொடுத்தவன்.

இப்போது மூன்றாவதாக ஒரு கல்யாணம். மகள்தான் பார்த்து முடித்தாள். பெண் பெயர் பஞ்சவர்ணம். மேலூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர், அண்ணன் வீட்டோடு இருந்தவர். இரண்டு பேரும் சந்தித்துப் பேசி, பிடித்துப்போய், தேதி குறிக்கிற நேரத்தில் அந்த அண்ணன் சோலைமலை ஒரு ஜோசியரிடம் போனார்.

ஜோசியர் சும்மா இருப்பாரா? மூன்றாம் தாரம் ஆகவே ஆகாது என்றிருக்கிறார். பரிகாரமும் அவரே சொன்னார். மாப்பிள்ளை முதலில் ஒரு எருக்கஞ்செடிக்குத் தாலி கட்ட வேண்டும். கட்டி முடித்த கையோடு அந்தச் செடியை வெட்டிச் சாய்த்துவிட வேண்டும். மூன்றாவது மனைவி போய்ச் சேர்ந்தாள் என்று அர்த்தம். அப்புறம் வருகிற பஞ்சவர்ணம் நாலாம் தாரம். நாலாவதுக்குத் தோஷம் கிடையாதாம்!

நம் பக்கத்தில் இது பழைய வழக்கம்தான். கேள்விப்பட்டவர்கள் நிறைய, கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. தவமணி எகிறிக் குதிப்பான் என்று எதிர்பார்த்தேன். நாத்திகம் பேசி என் மண்டையைக் காய வைத்தவன் அவன். ஆனால் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, கிளாஸை உருட்டிக்கொண்டே சொன்னான்:

"கட்டிருவோம் மாப்ள."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"உனக்கு என்னடா, சிரிச்சுட்டுப் போயிருவ. ரெண்டு பேரை என் கையால தூக்கிக் குடுத்துருக்கேன். ஊருக்குள்ள என்ன பேசுறாய்ங்கன்னு எனக்குத் தெரியாதா? இந்தப் பொம்பளைக்கும் ஒண்ணு ஆயிருச்சுன்னா... அதத் தாங்க எனக்குத் தெம்பு இல்லடா."

ஊர் பேசுவதை விடுங்கள், அதைப் பாதி இவனே நம்பிக்கொண்டிருக்கிறான். தன் நிழல் பட்டால் பெண்கள் செத்துப்போவார்கள் என்று ஒரு மனிதன் நினைத்துக்கொண்டு எப்படித் தூங்குவான், எப்படி எழுந்து பல் விளக்குவான்?

சரி, செடியைத் தேடுவோம் என்று கிளம்பினோம்.

எருக்கஞ்செடிக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். யாரும் விதைக்காமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல், இடிந்த சுவர், குப்பைமேடு, சுடுகாடு என்று எங்கே மனிதன் கைவிட்டானோ அங்கே முளைக்கிற செடி அது. "உன் வீட்டுல எருக்கு முளைக்க" என்று சாபம் கொடுக்கிற அளவுக்குப் பெயர் கெட்டுப்போனது. வேண்டாத காலத்தில் திரும்பின பக்கமெல்லாம் நின்றது. வேண்டும் என்று தேடினால் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

வில்லாபுரத்தில் அவன் வீட்டுக்குப் பின்னால் இருந்த பொட்டலில் இப்போது கல்யாண மண்டபம். அங்கே பிளாஸ்டிக் பூ மட்டும்தான் பூக்கிறது. அவனியாபுரம் பக்கம் போனோம். பிளாட் போட்டு, ஜேசிபி விட்டு, தரையைச் சவரம் செய்து வைத்திருக்கிறார்கள். தல்லாகுளத்தில் ஒரு ஆபீஸ் காம்பவுண்டுக்குள், பழைய ஜீப் ஒன்றின் பக்கத்தில், இடுப்பு உயரத்துக்கு ஒரு செடி பூவோடு நின்றது. வாட்ச்மேனிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"யாரு சார் மாப்ள?"

தவமணி கையைத் தூக்கினான்.

"கவர்மென்ட் செடிண்ணே. தாலி கட்டவெல்லாம் பெர்மிஷன் குடுக்க முடியாது. வெட்டணும்னு வேற சொல்றீக. என் வேலைக்கு உலை வச்சுராதீக."

நியாயம்தானே?

இப்படி இரண்டு பேரும் பைக்கில் செடியைத் தேடி அலைந்தபோதுதான் எனக்குப் பழைய காலம் திரும்பி வந்ததுபோல் இருந்தது. ஓட்டுவது நான், பின்னால் உட்கார்ந்திருப்பது அவன். அந்தக் காலத்தில் டாக்டரைப் பார்க்கப் போகிற வழியில் திடீரென்று என் தோளைத் தட்டுவான். "நிப்பாட்டு, நிப்பாட்டு." என்னவோ ஏதோ என்று பிரேக் போட்டால், ரோட்டோரத்தில் குத்தவைத்து ஒரு பூவைப் பார்த்துக்கொண்டிருப்பான். டை கட்டின ஆள் நெருஞ்சிச் செடி முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஆடு மேய்க்கிறவர்கள் ஒதுங்கிப் போவார்கள்.

நெருஞ்சிப் பூ சூரியன் போகிற பக்கமே முகத்தைத் திருப்பும் என்று எனக்குக் காட்டியவன் அவன்தான். அதன் முள் எந்தப் பக்கம் திரும்பும் என்று என் டயர் காட்டிக்கொடுத்தது.

அவனுக்கு ஒரு சித்தாந்தம் இருந்தது. கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் விட்டாலும், எந்த ஊர் என்று காட்டுப்பூவை வைத்துச் சொல்லிவிடலாம் என்பான். நட்டு வளர்க்கிற பூ எல்லா ஊரிலும் ஒன்றுதான். ரோஜா சென்னையிலும் ரோஜா, செங்கோட்டையிலும் ரோஜா. காட்டுப்பூ அப்படி இல்லை, அது அந்தந்த மண்ணின் ஆள்.

இராமநாதபுரம் கடற்கரைக்குப் போனால் அடப்பங்கொடி. ஆட்டுக் குளம்பு மாதிரி இலை, ஊதா நிறத்தில் குழாய்ப் பூ. உப்புக்காற்றிலும் சுடுமணலிலும் கொடியை நீளமாக ஓட விட்டு, கணுவுக்குக் கணு வேர் இறக்கி, மணல் மேடு பறந்து போகாமல் பிடித்துவைத்திருக்கும். அருப்புக்கோட்டை, விருதுநகர் கரிசலில் சப்பாத்திக்கள்ளி. உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும். பூ மட்டும் மெழுகில் செய்த மாதிரி மஞ்சளாக, அப்படி ஒரு மென்மை. அழகர்மலை அடிவாரத்தில் ஐப்பசி மழைக்கு வேலியைப் பிடித்து ஏறும் செங்காந்தள். அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு, அடுப்பு எரிகிற மாதிரி நிற்கும். இலை நுனியே சுருண்டு கொக்கியாகி அடுத்த செடியைப் பிடித்துக்கொள்ளும். கிழங்கு கொடிய விஷம். பார்த்துக்கொண்டே இருந்தால் கண்வலி வரும் என்று ஊரில் பயமுறுத்துவார்கள். இவன் பார்த்துக்கொண்டே இருப்பான். வராது.

கொடைக்கானல் மலை ரோட்டில் கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு உன்னிப்பூ. ஒரே கொத்தில் மஞ்சளும் ரோஸும் ஆரஞ்சும். எங்கேயோ வெளிதேசத்தில் இருந்து அழகுக்காகக் கொண்டுவந்ததாம். வந்த இடத்தில் கேட்பார் இல்லாமல் காட்டையே வளைத்துப் போட்டுவிட்டது. "நம்ம ஏரியா மேனேஜர் மாதிரிடா" என்பான். குறிஞ்சி பூத்த வருஷம் லீவு போட்டுவிட்டு மேலே போனோம். போன நேரத்தில் ஒரே பனிமூட்டம். பூவும் தெரியவில்லை, மலையும் தெரியவில்லை. இன்னும் பன்னிரண்டு வருஷம் காத்திருக்கலாம் என்று அவன் சொன்னபோது எனக்குப் பசி உயிர் போய்க்கொண்டிருந்தது.

மதுரைக்குத் திரும்பினால் ஆவாரை. மேலூர் ரோடு, திருமங்கலம் ரோடு, எந்த ரோடாக இருந்தால் என்ன? வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், மற்ற செடியெல்லாம் சுருண்டு கிடக்கும்போது, தகதகவென்று மஞ்சளாகப் பூத்து நிற்கும். ஆடு மாடு சீண்டாது. ஒரு கொத்தை ஒடித்துச் சட்டைப்பையில், டாக்டர்களுக்குக் கொடுக்கிற கார்டுக்குப் பக்கத்தில் செருகிக்கொள்வான். முதல் மனைவி ஜெயாவுக்கு. வீட்டுக்குப் போவதற்குள் வாடிவிடும். ஜெயா அதையும் வாங்கி டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் போட்டு வைப்பாள். நானே பார்த்திருக்கிறேன்.

'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்று ஒரு பழமொழி இருக்கிறதில்லையா? ஊர் முழுக்க ஆவாரை பூத்துக் கிடந்த ஒரு கோடையில் ஜெயா மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள். மகளுக்கு அப்போது நடை பழகுகிற வயசு. காரியம் எல்லாம் முடிந்து திரும்பி வரும்போது தவமணி ரோட்டோரத்தைப் பார்த்துச் சொன்னான், "அந்தப் பழமொழியச் சொன்னவன் மட்டும் என் கையில கிடைக்கணும் மாப்ள."

குழந்தைக்காகத்தான் இரண்டாவது கல்யாணம். விசாலம் நல்ல மனுஷி, கொஞ்சம் கறார். பூவைக் கொண்டுபோனால், "பூச்சி வரும், வாசல்ல போடுங்க" என்பார். மகளைப் படிக்க வைத்து ஆளாக்கியது அவர்தான். பிறகு அவருக்குப் புற்றுநோய் வந்தது. கடைசி மாதங்களில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு தினமும் கேட்பாராம்: "இன்னிக்கு என்ன பூ பாத்தீக?"

இவன் எங்கே பூவைப் பார்த்தான்? வேலைக்கே போகவில்லை, வார்டு வாசல் பெஞ்சே கதி என்று கிடந்தான். ஆனாலும் சொல்லுவான். இன்றைக்கு இராமநாதபுரம் போனேன், அடப்பங்கொடி பூத்திருந்தது என்பான். நாளைக்கு அழகர்மலை, காந்தள் என்பான். பழைய ரோட்டையெல்லாம் நினைவில் ஓட்டி, ஊர் ஊராக அவரைக் கூட்டிக்கொண்டு போனான். பொய் என்று அவருக்கும் தெரிந்திருக்கும். சட்டையில் டெட்டால் வாடை அடிக்கிற ஆள் இராமநாதபுரம் போய்விட்டு வந்ததாகச் சொன்னால் யார் நம்புவார்கள்? அவர் நம்பினார்.

விசாலம் போன பிறகு அவன் என் தோளைத் தட்டுவதை நிறுத்திவிட்டான். அப்புறம் எத்தனையோ தடவை அவனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஆவாரை பூத்த ரோட்டில் போயிருக்கிறேன். செல்போனைப் பார்த்துக்கொண்டு வருவான். எனக்குத்தான் தோள் காலியாக இருக்கும்.

அதனால்தான், போன வாரம் ஒத்தக்கடையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது தோளில் அந்தத் தட்டு விழுந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"நிப்பாட்டு, நிப்பாட்டு."

யானைமலை பின்னால் தெரிய, கடைசி பிளாட்டின் எல்லைக்கல்லுக்கும் கண்மாய்க்கரைக்கும் நடுவில் நின்றது செடி. நெஞ்சு உயரம். மாவு பூசின மாதிரி வெளுத்த பச்சை இலை. கொத்துக் கொத்தாக வெள்ளையும் ஊதாவும் கலந்த பூ, நடுவில் கிரீடம் வைத்த மாதிரி. கருவண்டு ஒன்று பூவுக்குப் பூ மாறிக்கொண்டிருந்தது. இலைக்கு அடியில் கறுப்பும் மஞ்சளுமாக வரி போட்ட புழு ஒன்று சாவகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. எருக்கம்பாலில் விஷம் உண்டு, கண்ணில் பட்டால் அவ்வளவுதான். புழுவுக்கு அதுதான் சாப்பாடு. தவமணி குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் ஒரு மொட்டை விரலுக்கு நடுவில் வைத்து அமுக்கினான். பட்டென்று வெடித்தது. எத்தனையோ வருஷம் கழித்து அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"இதான் மாப்ள பொண்ணு" என்றான்.

வெள்ளிக்கிழமை காலையில் போய்ச் சேர்ந்தோம். மகள் வரவில்லை. "கல்யாணத்துக்கு வாரேன், செடிக்கெல்லாம் லீவு போட முடியாது" என்று சொல்லிவிட்டாள். சோலைமலை தங்கையை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். தினத்தாளில் சுற்றி அரிவாளும் கொண்டுவந்திருந்தார். ஜோசியர் நேரில் வரவில்லை. அவருக்கு வேறு பார்ட்டி இருந்ததாம். போனை ஸ்பீக்கரில் போட்டு, எல்லைக்கல் மேல் வைத்து, அவர் சொல்லச் சொல்லச் செய்தோம். பரிகாரமும் ஆன்லைனுக்கு வந்துவிட்டது!

செடிக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, குங்குமம் வைத்தோம். பஞ்சவர்ணம் தன் கையாலேயே ஒரு சிவப்பு ரவிக்கைத் துணியைத் தண்டில் சுற்றிவிட்டார். தவமணி மஞ்சள் கயிற்றை எடுத்தான். கட்டும்போது ஒரு இலை ஒடிந்து, பால் சொட்டுச் சொட்டாக அவன் விரலில் வழிந்தது. அதைத் துடைக்காமல் மூன்று முடிச்சையும் போட்டான். அந்த நேரத்தில் எங்கள் யாருக்கும் சிரிப்பு வரவில்லை, அது என்ன காரணமோ.

போனில் இருந்து குரல் வந்தது. "ஆச்சா? அப்ப வெட்டிருங்க. மாப்பிள்ளை கையாலதான் வெட்டணும்."

சோலைமலை அரிவாளை நீட்டினார். தவமணி வாங்கினான். செடியைப் பார்த்தான். கயிற்றைப் பார்த்தான். அப்படியே நின்றான்.

"ம்... சட்டுன்னு போடுங்க மாப்பிள்ளை. நேரம் போயிரும்" என்றார் சோலைமலை.

"முடியலங்க."

"என்னது?"

"கட்டுன மஞ்சக் கயிறு இன்னும் காயல. இதையும் என் கையாலயே அனுப்பச் சொல்றீகளே?"

"அட, செடிதானே மாப்பிள்ளை!"

"செடின்னா எதுக்குத் தாலி கட்டச் சொன்னீக? பொண்டாட்டின்னா எதுக்கு வெட்டச் சொல்றீக?"

அவன் கோபத்தில் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்கிறவன் மாதிரிக் கேட்டான். போனில் ஜோசியர், "ஹலோ... ஹலோ... வெட்டியாச்சா?" என்று கத்திக்கொண்டிருந்தார். நான் எடுத்து கட் பண்ணிவிட்டேன்.

சோலைமலையைக் குறை சொல்ல மாட்டேன். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. "எனக்கு இருக்கது ஒரே தங்கச்சி" என்றார். "தாலி அறுத்து வந்தவள வீட்டுல வச்சுப் பாத்தவன் நான். இப்ப தெரிஞ்சே அவளைப் பலி குடுக்கச் சொல்றீகளா? நீங்க வெட்டலைன்னா தோசம் அவ தலையிலதான விடியும்? இந்தக் கல்யாணம் வேணாம். பஞ்சவர்ணம், வண்டில ஏறு."

தவமணி அரிவாளைக் கீழே வைத்தான். "அவரு சொல்றது சரிதான்" என்று என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னான். பயந்த மனிதனுக்குத் தண்டனை கிடைத்ததும் வருமே ஒரு நிம்மதி, அதுதான் அவன் முகத்தில் தெரிந்தது. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

பஞ்சவர்ணம் வண்டியில் ஏறவில்லை. செடிக்குப் பக்கத்தில் போனார். சரிந்திருந்த ரவிக்கைத் துணியை இழுத்துச் சரியாக முடிந்தார்.

"அண்ணே, ஒரு வார்த்தை சொல்லவா?" என்றார். "இவ செத்தாத்தான் நான் நல்லா இருப்பேன்னா, அப்படி ஒரு நல்லது எனக்கு வேணாம். ஒருத்தி பாடை மேல ஏறி நான் புருசன் வீட்டுக்குப் போகணுமாக்கும்? இருந்துட்டுப் போகட்டும். நாலாவதாவும் வேணாம், ஒண்ணும் வேணாம். இவ மூத்தாளா இருக்கட்டும். நான் இளையாளாவே வாரேன்."

சோலைமலை தங்கைக்குப் பக்கத்தில் வந்தார். "ஏத்தா... உனக்கு ஏதாச்சும் ஆனா..." என்றார்.

"ஆகுறது ஆகட்டும்ணே. செடிய வெட்ட மனசு வராத ஆளு என்னை எம்புட்டு நல்லாப் பாப்பாரு? அத யோசிச்சுப் பாத்தியா?"

தவமணி அழுதான். ஜெயாவுக்கும் விசாலத்துக்கும் சேர்த்து அழுதான் என்று நினைக்கிறேன். அழுது முடிக்கும் வரை யாரும் அவனைத் தேற்றவில்லை. அப்புறம் சோலைமலை அரிவாளை எடுத்துப் பழையபடி பேப்பரில் சுற்றி, மொபெட் பெட்டிக்குள் போட்டார். அதுதான் சம்மதம். வாய்விட்டுச் சரி என்று சொல்ல மேலூர்க்காரர்களுக்கு நாலு நாள் ஆகும்.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எளிமையாக நடந்தது. மகள் வந்திருந்தாள். சோலைமலைதான் எல்லாரையும் விட அதிகமாகச் சாப்பிட்டார்.

ஒன்று மட்டும் தோன்றுகிறது. நட்டு வளர்த்த செடி ஒரு நாள் தண்ணீர் ஊற்றாவிட்டால் முகத்தைத் தொங்கப்போடும். காட்டுச்செடிக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. மணலோ, கரிசலோ, கண்மாய்க்கரையோ, விழுந்த இடத்தில் பிடித்துக்கொண்டு பூத்தாக வேண்டும். அறுபது வயதில் கல்யாணம் செய்துகொள்கிறவர்களும் அந்த ஜாதிதான் போலிருக்கிறது.

நேற்று வில்லாபுரம் போயிருந்தேன். புது மனைவி காபி கொடுத்தார். கொடுத்துவிட்டு அவர் லேசாக ஒரு தும்மல் போட்டார். அவ்வளவுதான், தவமணி எழுந்து போய் அவர் நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறான். பயம் அப்படியே ஒரு கல்யாணத்தில் போய்விடுமா என்ன? தினமும் இதே கதையாம். காலையில் கண் விழித்ததும் முதலில் நெற்றியைத்தான் தொட்டுப் பார்ப்பானாம்.

பஞ்சவர்ணம் அந்தக் கையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு ஒண்ணும் இல்ல. போயி மூத்தாளுக்கு என்னன்னு பாத்துட்டு வாங்க."

அவன் சாயங்காலம் நிஜமாகவே பஸ் ஏறி ஒத்தக்கடை போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

இருவரும் நலம்.